குரலுக்கு விதித்த சுங்கம்

மாத்தளை பஸ் நிலையத்தை அண்டிய வீதிகளிலும், ரத்தோட்டை, உக்குவளை முதலிய சிறு பட்டினங்களிலும் 'கொமினிகேஷன்' என்னும் பெயர்ப்பலகையைத் தாங்கிய கடைகள் இன்றும் உள்ளன. உள்ளே நிழற்பிரதி யந்திரம் இருக்கும். பாடசாலைக் கொப்பிகள் இருக்கும். கைத்தொலைபேசிக்கு 'ரீலோட்' போட்டுக் கொடுக்கும் இளைஞன் ஒருவன் இருப்பான். தொலைபேசிக் கூண்டு மட்டும் இராது. இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் அக்கூண்டுக்காகவே அக்கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தோர் அதன் முன்னே வரிசையாகக் காத்து நின்றனர். பொருள் போன பின்னும் பெயர் நின்றுவிட்டது.

அப்பெயருக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. மலையகத் தமிழ் உழைப்பாளியின் குரல் தோட்ட எல்லையைத் தாண்டுவதற்கு யார் யாருக்கு என்ன சுங்கம் இறுக்க வேண்டியிருந்தது என்பதே அவ்வரலாறு. இன்று லயத்துக் காம்பராவில் இருக்கும் ஒரு பாட்டி, குவைத்தில் வீட்டுவேலை செய்யும் மகளோடு வட்ஸ்அப்பிலோ இமோவிலோ அரைமணி நேரம் பேசுகிறாள். 'டேட்டா'வுக்கு அவள் கொடுத்த காசைக் கணக்கிட்டால் அப்பேச்சு சில ரூபாவுக்குள் அடங்கிவிடும். இதனை விஞ்ஞானத்தின் கொடை என்று கூறிவிட்டு அப்பாற் செல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கொடை என்பது உண்மையே. ஆனால் இதற்கு முன்னர் அக்குரலுக்குப் பெருவிலை வாங்கியவர் யார்? அவ்விலை எதன் விலை? வரலாறு கற்பிப்போர் கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கோப்பிப் பயிரோடு இக்கதை தொடங்குகிறது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்து வந்தோர் எய்திய முதல் மலைநாட்டுப் பட்டினம் மாத்தளை. இங்குப் புகையிரதம் வந்ததே 1880 இல்தான். காட்டிலும் நோயிலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்களது சாவுச் சேதியை ஊருக்குக் கொண்டுசெல்ல வேண்டியவன் யார்? கங்காணி. அடுத்த முறை ஆள் பிடிக்க ஊருக்குப் போகிறவனும் அவனே. சேதி சொல்பவனும் ஆள் சேர்ப்பவனும் ஒருவனேயானால், தோட்டத்திலிருந்து ஊருக்குப் போகும் சேதியெல்லாம் நற்சேதியாக இருப்பதில் வியப்பென்ன? தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற கதை அங்ஙனம் பரவியதுதான். அதை மறுத்துரைக்கும் குரல் கடலைத் தாண்டி ஊருக்குப் போக வழியில்லை.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபின் நிலைமை வேறுவகையில் இறுகியது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்வதற்குத் 'துண்டு' வேண்டும்; கங்காணியிடம் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அத்துண்டை ஒழித்தது. ஆனால் தபாற் பை ஒழியவில்லை. ஊரிலிருந்து வந்த கடிதம் தோட்டத்து ஆபீசுக்கே வந்தது. ஆபீசிலிருந்து, அவர்கள் நினைத்தபோது, லயத்துக்கு வந்தது. தனித்தனி வீட்டிலக்கமோ வீதிப் பெயரோ இல்லாத லயக் காம்பராக்களுக்குத் தபாற்காரர் நேரே வருவதில்லை என்ற குறை இன்றுவரை பல தோட்டங்களில் தீரவில்லை. வந்த கடிதத்தைப் படிக்கவும் பிறர் கை வேண்டும். கணக்கப்பிள்ளையோ, தோட்டப் பாடசாலை வாத்தியாரோ, எழுத்தறிந்த அயலவரோ படித்துச் சொல்லவேண்டும். மனைவி கணவனுக்குச் சொல்ல விரும்பிய சொல் மூன்றாம் மனிதரின் வாய் வழியாகத்தான் போகும். அவ்வாறு போக முடியாத சொற்கள் எத்தனையோ போகாமலே நின்றன. அவற்றுக்கு ஆவணக் காப்பகத்தில் இடமில்லை.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், அதன் விளைவாக இம்மக்கள் நாடற்றோராக்கப்பட்டதையும் வாசகர் அறிவர். 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வோம் என்பது இரு அரசுகளும் செய்த பங்கீடு. அப்பங்கீட்டைச் செய்த கோல் குடும்பங்களின் நடுவாலேயே சென்றது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. மணமாகிப் போன மகள் ஒரு நாட்டில், பெற்றோர் மறு நாட்டில். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். அதிகாரிகள் 'தாயகம் திரும்புவோர்' என்று எழுதினர். எது வரலாற்றுக்கு அணுக்கமான பெயர் என்பதை மாணவரே தீர்மானிக்கலாம்.

அன்று பிரிந்தோர் கடிதத்தாலேயே உறவைப் பேணினர். கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் மாத்தளைத் தோட்டங்களுக்குக் கடிதம் வந்தது, சில ஆண்டுகள் வந்தது, பிறகு குறைந்தது. 1983 க்குப் பின் போர் வலுத்துக் கப்பற் சேவையும் நின்றது. தொலைபேசியோ இவர்கள் உலகத்திலேயே இல்லை. தோட்டத்தில் அது துரை பங்களாவிலும் ஆபீசிலும் இருந்த பொருள். பட்டினத்துக்குச் சென்று தபாற் கந்தோரில் 'ட்ரங்க் கோல்' பதிந்து காத்திருந்தாலும், மறுபுறத்தில் எடுத்துப் பேச யாரிடம் தொலைபேசி இருந்தது?

இந்நிலையில் எழுபதுகளின் பிற்பகுதியில் மற்றொரு பயணம் தொடங்கியது. 1977 இன் பின்னர் திறந்துவிடப்பட்ட பொருளாதாரம் வளைகுடா நாடுகளுக்கு மனித உழைப்பை அனுப்பத் தலைப்பட்டது. 1985 ஆம் ஆண்டின் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தோன்றியது. முன்னோர் கங்காணியிடம் முற்பணம் வாங்கிக் கடல் கடந்தனர்; பேத்தியர் முகவரிடம் முற்பணம் வாங்கிக் கடல் கடந்தனர். அங்கே எசமானர் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். எழுத வராத பெண்கள் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊர் திரும்பும் யாரிடமேனும் கொடுத்தனுப்பினர். ஆறு மாதத்துக்கு முந்திய அழுகையைக் கேட்டு இங்குள்ளோர் இன்று அழுதனர். 1990 ஆகஸ்டில் ஈராக்கியப் படை குவைத்தினுள் புகுந்தபோது அங்கிருந்த பல்லாயிரம் இலங்கையரின் வீடுகளில் வாரக்கணக்காக யாதொரு செய்தியும் இல்லை.

'கொமினிகேஷன்' கடை தோன்றியது இதன் பின்னரே. 1989 இல் இலங்கையில் செல்லிடத் தொலைபேசி அறிமுகமாயிற்று. 1991 இன் சட்டம் அரசுத் திணைக்களத்தைக் கூட்டுத்தாபனமாக்கியது. 1997 இல் ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தின் 35 வீதப் பங்கு ஜப்பானிய நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. 2002 வரை வெளிநாட்டு அழைப்புகளின் ஏகபோகம் அதனிடமே இருந்தது. அக்காலத்தில் வெளிநாட்டுக்குப் பேசிய சில நிமிடங்கள் ஒரு நாட் 'பேரை' விழுங்கிவிடும். பேசுவோரின் கண் முகம் தெரியாத மகளை நினைக்காது. நிமிடம் ஏறும் எண்ணையே பார்க்கும். 'நல்லா இருக்கியா, நல்லா இருக்கோம், காசு வந்திச்சி, வச்சிர்றேன்' என்னும் பேச்சு வடிவம் அன்று பிறந்ததே. 'மிஸ்ட் கோல்' என்பதும் அக்காலத்துக் கண்டுபிடிப்புத்தான்: ஒரு முறை மணியடித்தால் நலம், இரு முறை அடித்தால் திருப்பி எடு. விலை கொடுக்க இயலாத மக்கள், விலையில்லாத மணியோசையைக் கொண்டு ஒரு மொழியையே சமைத்துக்கொண்டனர். நமது மொழியியலாளர் இதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவ்வளவு விலை ஏன்? கம்பி விலையா, யந்திர விலையா? பெரும்பகுதி இரண்டுமல்ல. ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குப் பேச்சு செல்லும்போது, புறப்படும் நாட்டின் தொலைபேசித் துறை சேரும் நாட்டின் துறைக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று செலுத்த வேண்டும் என்பது உலக நாடுகளிடையே நிலவிய ஒழுங்கு. அவ்வீதம் உண்மைச் செலவைவிடப் பன்மடங்கு உயர்ந்திருந்தது. வறிய நாடுகளின் அரசுகளுக்கு இது அந்நியச் செலாவணி தரும் வாயில். 1997 இல் அமெரிக்காவின் ஆணைக்குழு, இனித் தன் நாட்டுக் கம்பனிகள் நாடுகளின் வருமானத்தைப் பொறுத்து 15 சதம் முதல் 23 சதம் வரையே செலுத்தும் எனத் தானாகவே விதித்தது. ஏகாதிபத்தியத்தின் தன்னிச்சை என்று அதனைக் கண்டித்தோர் உண்டு. அக்கண்டனத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் அவ்வருமானத்தை உண்மையில் செலுத்தியவர் யார் என்பதை நாம் மறத்தலாகாது. வாஷிங்டன் அல்ல, குவைத்தின் சமையலறையில் நின்று பேசிய பெண்ணே செலுத்தினாள்.

இவ்வொழுங்கைத் தகர்த்த தொழில்நுட்பத்தின் பிறப்பு விசித்திரமானது. 1964 ஆம் ஆண்டில், அமெரிக்க விமானப் படைக்கு ஆய்வு செய்த ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த போல் பரன் என்பார், அணுகுண்டு விழுந்தபின்னும் அறுபடாத தொடர்பு வலையொன்றைப் பற்றித் தம் ஆய்வுரைகளை வெளியிட்டார். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் கிடைத்த வழியால் அனுப்பி, போய்ச் சேருமிடத்தில் மீண்டும் ஒன்றாக்குவது அவரது திட்டம். செய்தியைத் துண்டாக்கி ஒன்றுசேர்க்கும் வழி எழுதப்பட்ட அதே ஆண்டில்தான் மலையக மக்களைத் துண்டாக்கும் ஒப்பந்தமும் எழுதப்பட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு நிகழ்ச்சிகள். எனினும் பின்னையதன் காயத்துக்கு முன்னையது சிறிது மருந்தாகுமென்று அன்று எவர் கண்டார்?

பழைய தொலைபேசியில் இருவர் பேசத் தொடங்கினால் அவர்களுக்கென ஒரு வழி முழுவதுமாக ஒதுக்கப்படும். அவர்கள் பேசினாலும் மௌனமாயிருந்தாலும் விம்மினாலும் அவ்வழி அவர்களுக்கே உரியது. கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும். இணைய அழைப்பில் அத்தகைய தனிவழி கிடையாது. குரல் 20 மில்லி செக்கன் நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்படுகிறது. செக்கனுக்கு 50 துண்டு. செக்கனுக்கு 64,000 பிற்று கேட்ட பழைய எண்முறைக் குரலை, 2012 இல் பொது நியமமான 'ஓப்பஸ்' முறை 24,000 பிற்றுக்குள் தெளிவு குன்றாமல் அடக்கிவிடுகிறது. ஒரு துண்டில் குரல் 60 பைற்று. அதன்மேல் ஒட்டும் முகவரிச் சீட்டு 40 பைற்று. ஆக 100 பைற்றுப் பொதிகள் செக்கனுக்கு ஐம்பது. போக்கும் வரத்துமாக நிமிடத்துக்கு 600 கிலோபைற்று. மணிக்கு 36 மெகாபைற்று. ஒரு கிகாபைற்று வாங்கியவர் இருபத்தேழு மணி நேரம் பேசலாம். ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் மாணவரைக் கொண்டே செய்விக்கலாம். தன் தாய் அயல்நாட்டிலிருக்கும் பிள்ளை இல்லாத வகுப்பு நமது பகுதியில் அரிது, ஆதலால் கணக்கு எளிதில் மனத்திற் பதியும்.

இங்குக் கவனிக்கவேண்டியது யாதெனில், பொதியைக் கடத்தும் வலைக்கு அது அழுகையா, சினிமாப் படமா என்று தெரியாது. எல்லாம் பைற்று. தூரமும் நாடும் நிமிடமும் விலையிலிருந்து மறைந்துவிடுகின்றன. நிமிடத்துக்கு நிமிடம் வாங்கிய காசு தூரத்தின் விலையன்று, வாயிலின் விலையே என்பது அக்கணமே வெளிப்பட்டுவிட்டது.

1974 இலேயே அமெரிக்க ஆய்வுகூடங்கள் வலையினூடே குரலை அனுப்பிப் பார்த்திருந்தன. 1995 இல் இஸ்ரேலிய நிறுவனமொன்று கணினிக்கான இணையத் தொலைபேசியைச் சந்தைக்கு விட்டது. 2003 இல் ஸ்கைப் வந்தது. 2025 மே மாதத்தில் அது மூடப்பட்டும் விட்டது. ஆனால் கணினி வாங்க இயலாத லயத்துக்கு இவற்றால் பயனில்லை. பட்டினத்து இணையக் கடையில் தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, அயலவர் கேட்கக் குடும்பக் கதை பேசிய சிலரைத் தவிர மற்றோர்க்கு அது எட்டவில்லை. 2006 இல் இலங்கையில் மூன்றாம் தலைமுறைச் சேவையும், 2013 இல் நான்காம் தலைமுறைச் சேவையும் வந்தபின், விலை குறைந்த கைத்தொலைபேசியும் கூடவே வந்தபின்தான் மாற்றம் தோட்டத்தை எட்டியது. 2010 இல் தோன்றிய வைபர், பின்னர் இமோ, 2015 இல் பேச்சு வசதியைப் பெற்ற வட்ஸ்அப் ஆகியன அடுத்தடுத்து லயத்தினுள் நுழைந்தன.

இவற்றுள் மிகப் பெரிய மாற்றத்தைச் செய்தது அழைப்புக்கூட அன்று, 2013 இல் வட்ஸ்அப்பில் சேர்ந்த குரற்பதிவு என்றே நான் கருதுகிறேன். எழுத்தறியாத பாட்டி பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுகிறாள். மகள், எசமானியம்மா உறங்கிய பின் கேட்கிறாள். கணக்கப்பிள்ளையும் வாத்தியாரும் வாசித்துக் கொடுத்த காலம் அத்துடன் முடிந்தது. சம்பளம் மறுக்கப்பட்ட பெண், அடிபட்ட பெண், அக்குரற்பதிவையே சாட்சியாக வீட்டுக்கு அனுப்ப, வீட்டார் அதை எடுத்துக்கொண்டு பணியகத்தின் படியேறுகின்றனர். இது அற்பமான மாற்றமன்று.

ஆகவே வாயில் காப்போரும் சும்மா இருக்கவில்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே இணையக் குரற்சேவை வழங்கலாம் என்பது விதி. ஸ்கைப், வட்ஸ்அப் அழைப்புகள் அங்கே தடுக்கப்பட்டன. 2018 அளவில் மாதம் 50 திர்ஹம் கட்டினால் 'போட்டிம்' போன்ற அனுமதி பெற்ற செயலிகளில் பேசலாம் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. சவூதி அரேபியா 2017 செப்டம்பரிலேயே தன் தடையைத் தளர்த்தியது. வேடிக்கை என்னவென்றால், அபுதாபியைத் தலைமையகமாகக் கொண்ட எதிசலாத் நிறுவனமே 2010 முதல் 2018 வரை இலங்கையிலும் அதே பெயரில் தொலைபேசிச் சேவை நடத்தியது. மாத்தளையில் டேட்டா விற்ற பெயர்ப்பலகை, அங்கே அதே டேட்டாவில் குரல் வருவதற்குக் கதவடைத்த பெயர்ப்பலகையாகவும் இருந்தது. மூலதனத்துக்குத் தேசமில்லை என்பர். அது சட்டத்தை மட்டும் தேசத்துக்குத் தேசம் வசதியாக எடுத்துக்கொள்கிறது.

நமது அரசும் இதில் தூய கையினதன்று. 2004 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டம் சர்வதேச அழைப்பு நிமிடங்கள்மீது தீர்வை விதித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பும் அதனுள் அடங்கிற்று. கிராமப்புறத் தொலைத்தொடர்பை வளர்ப்பதற்கென்று காரணம் கூறப்பட்டது. நோக்கம் நன்று, ஆனால் அதனை யார் தலையில் வைத்தனர் என்று பாருங்கள். நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி விதித்ததற்காக 1848 இல் கிளர்ந்தெழுந்த மண் இது; தாயின் பேச்சுக்கு விதித்த வரிக்கு எவரும் எழவில்லை, அது கட்டணச் சீட்டில் தனி வரியாகத் தெரியாதபடியால். அத்தீர்வையையும் கட்டணத்தையும் தவிர்ப்பதற்காக, வெளிநாட்டு அழைப்பை இணையத்தால் கொணர்ந்து சிம் அட்டைகள் வழியாக உள்ளூர் அழைப்பாக்கிவிடும் கள்ள நிலையங்களும் தோன்றின. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அவற்றைத் தேடிப் பிடித்தது. வட்ஸ்அப் பரவியபின் அத்தொழிலுக்குத் தேவையே குறைந்துபோயிற்று.

வாயில் முற்றாக ஒழிந்துவிட்டது என்று எண்ணுவோர் அவசரப்படுகின்றனர். நிமிடக் காசாக அரசுக்கும் கம்பனிக்கும் சென்ற வருமானம் இன்று டேட்டாக் காசாகக் கம்பனிக்கும், நம்மைப் பற்றிய விவரங்களாக அயல்நாட்டுப் பெருநிறுவனத்துக்கும் செல்கிறது. 2014 இல் பேஸ்புக் நிறுவனம் வட்ஸ்அப்பை 19 பில்லியன் டொலருக்கு வாங்கியது. இலவசமாகப் பேசவிடும் ஒரு பொருளுக்கு அத்தனை விலை ஏன் என்ற கேள்விக்கு விடை தேடும் பொறுப்பைப் பொருளியல் மாணவருக்கு விடுகிறேன். 2022 செப்டம்பரில் நாட்டில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 வீதம் உயர்ந்தன. அப்பொழுது தோட்டத் தொழிலாளியின் நாட் சம்பளம் முந்திய ஆண்டில் நிர்ணயித்த அதே 1,000 ரூபா.

பூட்டும் சாவியும் அரசின் கையிலேயே இருக்கின்றன. 2018 மார்ச்சில் அயல் மாவட்டமான கண்டியில் திகன வன்செயல் வெடித்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன ஏறத்தாழ ஒரு வாரம் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பின் பின்னும், 2022 ஏப்ரல் 3 இல் மக்கள் வீதிக்கு இறங்கியபோதும் அவ்வாறே. இனவெறிப் பொய்கள் இவ்வலையிலேயே பரவின என்பதை மறுப்பவன் நானல்லன். முஸ்லிம் மக்களின் கடைகள் எரிந்ததைக் கண்டவர்கள் அதனை மறுக்கவும் முடியாது. ஆனால் பொய் பரப்பியவன் வேறு வழி கண்டுகொண்டான். ஜோர்தானில் இருந்த தாய்க்குத்தான் வேறு வழி இருக்கவில்லை.

இவை யாவற்றுக்கும் மேலாக, மலைச்சரிவில் கோபுரத்தின் பார்வை படாத லயங்கள் இன்றும் உண்டு. 2020 இலும் 2021 இலும் பாடசாலைகள் மூடியிருந்தபோது, கைத்தொலைபேசியில் பாடம் பெறுவதற்காகப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறியதை ஆசிரியராகிய நாம் கண்டோம். அதே பாறைகளில் அதற்கு முன்னரே தாய்மாரோடு பேசுவதற்காக அவர்கள் ஏறிக்கொண்டிருந்தனர். அதனைப் பத்திரிகைகள் எழுதவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலையகத்தைச் சரித்தது. மாத்தளை மாவட்டமும் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் தப்பவில்லை. மின்சாரம் அறுந்தது, கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. குவைத்திலும் ரியாத்திலும் பெய்ரூத்திலும் இருந்த பெண்கள் வீட்டுக்கு அனுப்பிய சொற்களின் அருகே ஒற்றைச் சாம்பல்நிறக் குறி மட்டும் நின்றது. அனுப்பப்பட்டது, சேரவில்லை என்பது அதன் பொருள். வீதிகள் உடைந்திருந்தன. மேட்டுத் தோட்டங்களில் உயிரோடு இருந்தோரின் சேதியைச் சில இடங்களில் இளைஞர் மண்ணைக் கடந்து நடந்தே பட்டினத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து அலை கிடைத்த இடத்தில் நின்று, ஒவ்வொரு தாயின் இலக்கத்துக்கும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினர்.